வெயில் காவல்

போன மாதம் எங்கள் பழைய தொழிற்சங்கக் கிளையிலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு தண்டவாளப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தவள். வெளியில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு, இத்தனை டிகிரிக்கு மேல் போனால் வேலையை நிறுத்தலாம் என்று ஒரு கோடு வேண்டுமென்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். குளிரைப் பற்றி இந்த நாட்டில் எங்கு பார்த்தாலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வெயிலுக்கு அப்படி ஒரு கோடு இல்லை. "வெயில் நாடுகளில் இருந்து வந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டாள்.

சரி என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி வந்தது. தண்ணீர் குடித்தோம், தொப்பி போட்டோம், நிழல் தேடினோம், கடவுளே என்று இருந்தோம். வாசித்துப் பார்த்தபோது சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழில் தொடங்கினேன். நடந்ததை நடந்த மொழியில்தான் எனக்கு எழுத வரும். மகள் பிறகு ஆங்கிலத்தில் ஆக்கித் தருவாள். வெட்ட வேண்டியதையும் அவளே வெட்டட்டும்.

நான் தெற்கு லண்டன் ரயில் பாதைகளில் இருபத்து மூன்று வருடம் வேலை செய்தவன். அதற்கு முன் பெற்றோல் நிலையம், பிஸ்கற் பக்டரி, ஒரு வருடம் வீடு வீடாகப் பத்திரிகை போட்டது எல்லாம் இருக்கிறது. அதையெல்லாம் விடுவோம். தண்டவாள வேலைக்கு இரண்டு கிழமைப் பயிற்சி தந்தார்கள். அதில் மூன்று விஷயம் மண்டையில் ஏறியது. ஓரத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில்தான் ரயிலுக்கான மின்சாரம் போகிறது, அதில் கால் பட்டால் ஆள் இல்லை. ரயிலுக்கு முதுகு காட்டக் கூடாது. என்ன நடந்தாலும் பாதையில் ஓடக் கூடாது. மற்றதையெல்லாம் வேலைதான் கற்றுத் தந்தது.

வெயில் காலத்தில் எங்களுக்கு ஒரு தனி வேலை இருந்தது. சூடு ஏறினால் இரும்பு நீளும். நீள இடம் இல்லாவிட்டால் பக்கவாட்டில் நெளியும். நெளிந்த தண்டவாளத்தில் ரயில் ஏறினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் வளைவுகளிலும், அண்மையில் சல்லிக்கல்லைக் கிளறி வேலை செய்த இடங்களிலும் வெயில் நாட்களில் ஆள் நிறுத்துவார்கள். பாதைக்கு வெளியே, வேலி ஓரம் நின்று, இரும்பு நெளிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. நானும் என்னோடு வேலை செய்த தமிழ்ப் பெடியன் குகனும் அதை வெயில் காவல் என்போம்.

காவலுக்கு ஒரு கருவி உண்டு. உள்ளங்கை அளவில் வட்டமான வெப்பமானி, முதுகில் காந்தம். அதைத் தண்டவாளத்தின் நிழல் பக்கத்தில் ஒட்ட வேண்டும். வெயில் பக்கத்தில் ஒட்டினால் பொய் சொல்லும். ஓடுகிற பாதைக்குள் நாங்கள் போகத் தேவையில்லாமல், பக்கத்தில் ஒதுக்கிக் கிடக்கும் பழைய பாதையின் இரும்பில் ஒட்டுவோம். அதற்கும் அதே வெயில்தானே. பத்து நிமிடம் விட்டு வாசிக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் போனில் சொல்ல வேண்டும். கேட்கிறவன் புத்தகத்தில் பதிய வேண்டும். புத்தகத்தில் மூன்று நிரல்கள்: நேரம், காற்றின் சூடு, இரும்பின் சூடு. காற்று முப்பத்து மூன்று என்றால் இரும்பு ஐம்பதைத் தொட்டுவிடும். ஒரு எல்லை தாண்டினால் ரயில்களின் வேகத்தைக் குறைப்பார்கள். அந்த இரும்பை நாங்கள் பார்த்த மாதிரி, பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நான் பார்த்ததில்லை.

எங்கள் சூப்பர்வைசர் கென். அப்போது ஐம்பத்தெட்டு வயது இருக்கும். மனிதர் பேச்சுக்குக் கஞ்சன். ஒரு பாதை நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் முழங்காலில் இருந்து, கன்னத்தை இரும்பில் வைக்காத குறையாகக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்ப்பார். எழும்பும்போது "ம்" என்பார். அந்த "ம்" இரண்டு வகை. ஒன்று சரி, மற்றது முழுவதையும் கழற்றித் திரும்பப் பூட்டு. எது எது என்று பிடிபட எனக்கு ஒரு வருடம் எடுத்தது. காதில் எப்போதும் ஒரு பென்சில். பேனா மழைக்குப் பயம் என்பார். என் பெயர் தேவராசா. அவர் முதல் நாளே அதை டேவ் ஆக்கிவிட்டார், நானும் பேசாமல் விட்டுவிட்டேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. காலையில் வேலை பிரிக்கும்போது ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இன்றைக்கு உடம்பு சரியா?" என்று கேட்பார். எல்லா இடத்திலும் இதைக் கேட்பார்கள்தான், ஒரு கையெழுத்துக்காக. கென் பதிலுக்காகக் காத்து நிற்பார். முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முதல் நாள் வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வந்தவனுக்கு அந்தப் பார்வை பெரிய தொல்லை.

வெயிலை எப்படிச் சமாளித்தோம் என்று அந்தப் பிள்ளை கேட்டாளே. எங்கள் குழுவில் ஒன்பது பேர். ஜமேக்காவில் பிறந்த ஒரு மூத்தவர் ஈரத் துணியை மடித்துத் தலைக்கவசத்துக்குள் வைப்பார். ருமேனியாக்காரன் ஒருவன் ஊறுகாய்ப் போத்தலில் இருக்கும் உப்புத் தண்ணீரைக் குடிப்பான். நானும் குகனும் மோர். வெங்காயம், பச்சை மிளகாய், உப்புப் போட்டு ஒரு பெரிய பிளாஸ்கில் கொண்டுபோவோம். கென் ஒரு நாள் வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, பாதை பார்க்கும்போது மூடுகிற அந்த ஒற்றைக் கண்ணை மூடினார். ஆனால் அடுத்த வெயில் நாளில் தானே கோப்பையை நீட்டினார்.

இதெல்லாம் உண்மை. ஆனால் இதை மட்டும் எழுதினால் பொய். ஊரில் பன்னிரண்டு மணி வெயிலில் யாரும் மண்வெட்டி பிடிப்பதில்லை. விடிய முதல் தோட்டத்துக்குப் போய், வெயில் ஏற வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்து, நாலு மணிக்குத்தான் திரும்பப் போவார்கள். வெயிலை எங்களுக்குத் தெரியும் என்றால் அதுதான் நாங்கள் தெரிந்து வைத்திருந்தது. இங்கே கழுத்துவரை பூட்டிய செம்மஞ்சள் ஜக்கெற், முழுக் காற்சட்டை, கனத்த சப்பாத்து, தலைக்கவசம், கையுறை. வேலை நேரம் மற்றவன் போட்டது. வெயில் நாட்டுக்காரன் என்ற பெயரை வைத்துக்கொண்டு, வெயில் நாட்டுப் புத்தியை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

இனி குகனைச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பதினொரு வயது இளையவன். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடைக்கு மேல் வீடு. மனைவி மாலினி, இரண்டு பெண் பிள்ளைகள். அகதியாக வந்தவன். வழக்கு ஏழு வருடம் இழுபட்டது. குரோய்டனில் குடிவரவு அலுவலகம் இருக்கும் பெரிய கட்டிடத்துக்குக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்த காலத்தில் ஊரில் அவன் தகப்பன் செத்துப்போனார். போனால் திரும்பி வர ஏலாது. ஒரே ஆண் பிள்ளை அவன். கொள்ளி வைத்தது சித்தப்பா. பறை அடிக்கும் சத்தத்தை போனில் கேட்டதாக எனக்கு ஒரு தரம் சொன்னான். பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. விசா கிடைத்த பிறகு இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டவன் நான்தான். ஆள் சோலி சுரட்டு இல்லாதவன். நான் சொன்னால் மறுத்துப் பேசமாட்டான். அதுவும் ஒரு பிழையாகப் போனது.

அந்த வருடம் ஒரு கிழமையாக வெயில் இறங்கவில்லை. புல்லெல்லாம் கருகி, லண்டன் வேறு ஊர் போலக் கிடந்தது. அன்று காலை வேலியோரம் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்று கென் வேலை பிரித்தார். காவல் வைக்க நாலு இடம். ஒன்பது பேரில் இரண்டு பேர் சுகமில்லை என்று வரவில்லை. இரண்டு இடத்தில் மர நிழல் உண்டு. மூன்றாவதில் ஒரு தெருப் பாலம். நாலாவது தோர்ண்டன் ஹீத் பக்கம், உயர்ந்த அணை மேல், ஒரு பூண்டுகூட இல்லாத வெளி.

கென் பென்சிலை எடுத்துக் கடதாசியில் தட்டிக்கொண்டு நின்றார். "நாலாவதற்கு மணிக்கு ஒரு ஆள் மாற வேண்டும். அதற்கு ஆள் இல்லை. மேலிடத்துக்குச் சொல்லி அந்தத் துண்டில் நாள் முழுக்க வேகத்தைக் குறைக்கச் சொல்லப் போகிறேன். காவலே வேண்டாம்" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் கிடக்கவில்லை.

"கென், யோசிக்காதே. மூன்றாவதையும் நாலாவதையும் நானும் குகனும் பார்க்கிறோம், மாற்று ஆள் வேண்டாம். நாங்கள் வெயில் நாட்டு ஆட்கள். இதெல்லாம் எங்களுக்கு ஒரு வெயிலா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ருமேனியாக்காரன் என் முதுகில் தட்டினான். ஒரு கிழமையாக வெள்ளைக்காரப் பெடியள் தோல் உரிந்து நிற்கும்போது, நாங்கள் மட்டும் நிறம் மாறாமல் நிற்பதில் எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. இத்தனை வருடம் இந்த நாட்டில் குளிருக்கு நடுங்கி, பாசைக்குத் தடுமாறி நின்றவனுக்கு ஒரு விஷயத்திலாவது இவர்களை வென்றுவிட்டோம் என்ற நினைப்பு. இப்போது எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கென் குகனைப் பார்த்தார். "உடம்பு சரியா?"

குகன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்து, "சரி" என்றான். கென் வழமையை விடக் கொஞ்சம் கூடுதலாக நின்று பார்த்தார். பிறகு எழுதினார்.

அன்று காலை நான் இரண்டு விஷயங்களைக் கண்டேன். குகன் தலைக்கவசத்தைச் சரி செய்தபோது நெற்றியில் திருநீறு தெரிந்தது. வேலைக்கு அவன் பூசி வருவதில்லை. மற்றது, வாகனத்தடியில் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தபோது அவனும் ஒரு கோப்பை வாங்கினான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுப் புல்லில் ஊற்றினான். மற்றவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. எனக்கு அதை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்கள் விரதம் பிடிக்கிற நாள். என் அப்பா அப்போது ஊரில் உயிரோடு இருந்தார். அதனால் அந்த நாள் என் நினைப்பிலேயே இல்லை.

பாலம் இருந்த இடத்தை நான் எடுத்துக்கொண்டேன். கென்னுக்கு அடுத்துக் குழுவுக்குப் பொறுப்பானவன் நான், வேலியில் ஆட்கள் நுழையும் படலைக்குக் கிட்ட நிற்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். காரணமும் உண்மை, பாலத்தடியில் நிழல் இருந்ததும் உண்மை. குகன் நிற்கும் இடம் அங்கிருந்து அரை மைலுக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் வளைவு, அதனால் ஆளைத் தெரியாது.

எட்டரைக்குக் குகனிடமிருந்து போனில் முதல் வாசிப்பு. இருபத்தொன்பது. பிறகு முப்பத்து நாலு, முப்பத்தொன்பது. பத்துக்கு நாற்பத்து மூன்று. ஒவ்வொரு தரமும் புத்தகத்தில் பதிந்துவிட்டு நான் கேட்டேன்.

"தண்ணி குடிச்சனியோ?"

"ஓம் அண்ணை, குடிச்சனான்."

பதினொன்றரைக்கு நாற்பத்தெட்டு. "தண்ணி?" என்றேன். "ஓம் அண்ணை." பன்னிரண்டுக்கு ஐம்பது. "மோர் கொண்டு வந்தனியோ?" என்று கேட்டேன். "இண்டைக்கு இல்லை அண்ணை" என்றான். கென் போன் எடுத்துக் குகன் எப்படி என்று கேட்டார். "அவனுக்கென்ன" என்று சொன்னேன். அந்தச் சொல்லும் என் வாயிலிருந்துதான் வந்தது.

பன்னிரண்டரைக்கு அவன் எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நானே எடுத்தேன். நெடுநேரம் அடித்த பிறகு வந்தான்.

"எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தொண்டு."

அப்படி இறங்க வழியில்லை. வெப்பமானி கழன்று விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். "கல்லுக்க விழுந்து கிடக்குதோ பார். எடுத்து நிழல் பக்கமா ஒட்டு" என்றேன்.

"ஓம் அண்ணை." அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். "அண்ணை, குளிருது. ஜக்கெற்றைக் கழுத்து வரைக்கும் பூட்டிட்டன். கீரிமலை பஸ் போயிட்டுதோ?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. திருநீறு, புல்லில் ஊற்றிய தேநீர், கொண்டு வராத மோர். ஊரில் ஆடி அமாவாசைக்குத் தகப்பனை நினைத்துத் தீர்த்தமாடப் போகிற இடம் கீரிமலை. இவன் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நிற்கிறான். மூளை சூடேறி இடம் தெரியாமல் பேசுகிறான். அவனுக்கு எட்டடி தள்ளி மின்சாரம் ஓடுகிற இரும்பு கிடக்கிறது.

"குகன், இருந்த இடத்தில இரு. நிலத்தில இரு. அசையக் கூடாது. நான் வாறன்" என்று சொல்லிவிட்டுக் கென்னுக்கு எடுத்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கே ஒழுங்காக நினைவில்லை. அவர் வழமைபோலத் திரும்பச் சொன்னார். "குகன் மயங்குகிறான். வெயில். நாலாவது இடம். சரி. இரண்டு பாதையிலும் ரயிலை நிறுத்துகிறேன், மின்சாரத்தையும் வெட்டச் சொல்கிறேன். நீ ஓரத்தால் போ. டேவ், நட. ஓடாதே."

நடந்தேன். இருபத்து மூன்று வருடத்தில் அந்த நடைதான் நீளம். சல்லிக்கல்லில் கால் புதைகிறது. ஓடினால் விழுவேன், விழுந்தால் இரண்டு பேர் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கால் ஓடத்தான் பார்க்கிறது. வளைவு கழியுமட்டும் அவன் இருக்கிறானா, எழும்பி நடக்கிறானா என்று தெரியாது. நான் கோயில் குளம் என்று அலைகிற ஆள் இல்லை. அன்றைக்கு அவன் தகப்பனைக் கும்பிட்டேன். பெயர்கூடத் தெரியாத மனுசனை, "ஐயா, அவனை இருத்தி வைத்திரும்" என்று.

இருந்தான். வேலியில் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி, தலைக்கவசமும் கையுறையும் கழற்றாமல். முகம் வற்றிப் போயிருந்தது. கையைத் தொட்டால் சுடுகிறது, ஒரு துளி வியர்வை இல்லை. பையைத் திறந்தேன். இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தல். இரண்டும் மூடி திறபடவில்லை.

"குகன், தண்ணி."

முகத்தைத் திருப்பினான். "ஏலாது அண்ணை. இன்னும் படைக்கேல்லை. அப்பான்ர நாள்." நாக்கு ஒட்டி ஒட்டி வந்தது. கொள்ளி வைக்க ஏலாத பிள்ளை வருடத்தில் ஒரு நாள் செய்கிற காரியம் அது. அந்த நிலையிலும் அதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

நினைவு தடுமாறுகிறவனுக்குப் பருக்கக் கூடாது, புரைக்கேறிவிடும் என்று முதலுதவி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். தலைக்கவசத்தைக் கழற்றி, ஜக்கெற்றைத் திறந்து, சட்டையைக் கிழித்து, போத்தலைத் தலையில் கவிழ்த்தேன். போத்தல் தண்ணீரே சூடாகத்தான் இருந்தது.

"முதல்ல குளி. தீர்த்தம் ஆடாமல் படைக்கிறதோ?" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியாது. அவன் கண்ணை மூடித் தலையைக் குனிந்து கொடுத்தான். ஊரில் கிணற்றுத் துலாவடியில் வாளித் தண்ணீருக்குக் குனிவதுபோலவே குனிந்தான். இரண்டாவது போத்தலையும் ஊற்றிவிட்டு, என் உடம்பால் வெயிலை மறைத்துக்கொண்டு, கழற்றிய தலைக்கவசத்தால் விசிறினேன். வாயில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தேன். அழுதுகொண்டும் இருந்தேன்.

அணையின் கீழ்ப் படலையால் கென் ஏறி வந்தார். அவரும் ஓடவில்லை. இரண்டு கையிலும் கடைப் பைகள். வழியில் இருந்த தமிழ்க் கடையில் ஐஸ் கேட்டாராம், தீர்ந்துவிட்டது என்றார்களாம். குளிர்ப்பெட்டிக்குள் கையை விட்டு வந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். உறைந்த மரவள்ளிக் கிழங்கு, உறைந்த முருங்கைக்காய், தேங்காய்ப்பூப் பக்கற். மரவள்ளியைக் குகனுக்குக் கமுக்கட்டு இரண்டிலும் வைத்தார், முருங்கைக்காயைக் கழுத்தடியில். மற்றதைத் தொடை இடுக்கில். அம்புலன்ஸ் வரும்வரை முழங்காலில் இருந்து, பாதையைப் பார்க்கிற மாதிரியே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் மாலினி வந்தபோது கையில் மஞ்சள் கறை இருந்தது. சமைத்த கையோடு வந்திருந்தாள். இந்த விரதத்துக்கென்றே சமைக்கிற காத்தோட்டிக்காய் எல்லாம் தேடி வாங்கிக் கறி வைத்து, குகன் வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்து தலைக்குத் தோய்ந்துவிட்டுப் படைக்கட்டும் என்று இலையும் கழுவி வைத்துவிட்டு இருந்தாளாம். டொக்டர் சிறுநீரகத்தைப் பற்றி என்னவோ சொல்லிவிட்டுப் போனார். நான் அவளுக்கு முன்னால் எழும்பி நின்றேன். என்ன ஏச்சென்றாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"காலமை நான் சொன்னனான் அண்ணை, இந்த வெயிலுக்க தண்ணியாவது குடியுங்கோ, ஐயரும் தண்ணி குற்றமில்லை எண்டுதானே சொல்லுறவர் எண்டு. கேக்கேல்லை" என்றாள். பிறகு, "எண்டாலும் உங்களோட நிக்கிறார்தானே எண்டுதான் விட்டனான். உங்களுக்குத் தெரியும்தானே எண்டு" என்றாள்.

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

குகன் பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதில் முதல் நாலு நாள் ஒருவரும் எங்களுக்கு ஒரு உறுதியும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் கண் விழித்து, பிள்ளைகளின் பெயர்களைச் சரியாகச் சொன்னான். உயிர் தப்பினான். ஆனால் சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை. வெயிலில் பத்து நிமிடம் நிற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். தண்டவாள வேலை அன்றோடு அவனுக்கு முடிந்தது.

விசாரணைக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. நீண்ட படிவம். ஒரு இடத்தில், சம்பவத்துக்குக் காரணமானவை என்று கேட்டிருந்தது. "வழங்கப்பட்ட தண்ணீரைக் குடிக்கவில்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும். அது பொய்யும் இல்லை. அதை எழுதினால் எல்லாப் பாரமும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன் தலையில் போய் இறங்கும். மாற்று வேலை கேட்கவும் அவனுக்கு வாய் இருக்காது. கன்ரீன் மேசையில் இரண்டு மணித்தியாலம் இருந்து எழுதினேன். நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். நாங்கள் வெயில் நாட்டு ஆட்கள், இதெல்லாம் எங்களுக்கு ஒரு வெயிலா. ஆளைக் கேட்காமல் அவனுக்காக நான் பேசினேன். எல்லோருக்கும் முன்னால் நான் அப்படிச் சொன்ன பிறகு, உடம்பு சரியில்லை என்று சொல்ல அவனுக்கு இடம் இருக்கவில்லை. விரதத்தின் அடையாளங்களைக் கண்டேன், விளங்கிக்கொள்ளவில்லை. அன்று அங்கே அதை விளங்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

கென்னிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். எழும்பி யன்னலடிக்குப் போய் இன்னொரு தரம் வாசித்தார். பிறகு வந்து இருந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்தவர் அதை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் பேனா கேட்டார். என் கையெழுத்துக்குக் கீழே எழுதினார்: "வேகத்தைக் குறைக்கும் முடிவை நான் ஏற்கெனவே எடுத்திருந்தேன். டேவ் சொன்னதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. மாற்றிக்கொண்டேன்." கையெழுத்து வைத்து, என்னைப் பார்த்து, "ம்" என்றார். அது எந்த வகை "ம்" என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. குகனுக்கு ஒரு ஸ்டேஷனில், உள்ளே நின்று ரிக்கற் பார்க்கிற வேலை கிடைத்தது. கென் வெப்பப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் அடிமட்டம் வைத்து நாலாவது நிரல் கீறினார். தலைப்பில் "ஆள்" என்று எழுதினார். அரை மணிக்கு ஒரு தரம் இரும்போடு சேர்த்து மனிதனையும் பதிய வேண்டும், போனில் கேட்டு அல்ல, நேரில் போய்ப் பார்த்து. யாரும் இரண்டு வாசிப்புக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மேலிடத்தில் இருந்து யாரும் செய்யச் சொன்னதல்ல. அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு புதுப் புத்தகம் அச்சடித்து வந்தது. அதில் பழையபடி மூன்று நிரல்தான் இருந்தது. இப்போது புத்தகமே இல்லையாம், இரும்பில் ஒட்டிய கருவி தானே செய்தி அனுப்புகிறதாம். போன் எடுத்த பிள்ளை சொன்னாள். ஆளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை என்றும் சொன்னாள்.

பிள்ளை, நீ போனில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். நாங்கள் சமாளிக்கவில்லை. சமாளிக்கிறோம் என்று சொன்னோம். கேட்டவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. இத்தனை டிகிரி என்ற அந்தக் கோட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வெயில் நாட்டுக்காரன் ஒருவன் முன்னுக்கு வந்து எனக்கு இது பெரிதில்லை என்று சொல்லுவான். அவனுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

என் அப்பாவும் நாலு வருடத்துக்கு முன் போய்விட்டார். இப்போது நானும் ஆடி அமாவாசை பிடிக்கிறேன். இந்த வருடமும் நல்ல வெயில். கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டின் பின்பக்கம் மத்தியானத்தில் அடுப்படி மாதிரிக் கொதிக்கும். மனைவி சமையலில் நின்றாள், நான் காகத்துக்கு வைக்க இடம் பார்த்துப் பின்வளவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும். போன் அடித்தது.

"அண்ணை, குகன் கதைக்கிறன். வீட்டில விரதம்தானே?"

"ஓம் ஓம். நீயும்தானே."

"நான் தண்ணியோடதான் அண்ணை பிடிக்கிறனான். டொக்டர் விடமாட்டார்." பிறகு கேட்டான்: "நீங்கள் தண்ணி குடிச்சனீங்களோ?"

இரவிலிருந்து குடிக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு நாள், பெரிய விஷயமா, இந்த வெயில் எனக்கு என்ன செய்யும் என்றுதான் நினைத்திருந்தேன். "ஓம், குடிச்சனான்" என்று சொல்ல வாயும் எடுத்துவிட்டேன். அன்றைக்கு இதே சொல்லை அரை மணிக்கு ஒரு தரம் கேட்டுப் புத்தகத்தை மூடிவைத்தவன் நான்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குசினிக்குள் போனேன். குழாயைத் திறந்து, தண்ணீர் விழுகிற இடத்துக்குக் கிட்ட போனைப் பிடித்தேன். ஒரு கோப்பை நிறையப் பிடித்து, அவனுக்குக் கேட்கிற மாதிரி மடக் மடக்கென்று குடித்தேன்.

"இன்னொண்டு அண்ணை" என்றான்.

இன்னொன்றும் பிடித்தேன்.